தாய்மாமனை மீட்கப் போன மெஷின்

முதலில் வம்பு செய்தவன் தங்கை புருஷன் ஒச்சப்பன்தான். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் குப்பாண்டி இதைத்தான் சொல்வான். பொங்கலுக்கு முன்னால் இரவல் வாங்கிப் போன மரம் அறுக்கிற மெஷினை, வைகாசி பிறந்தும் அவன் திருப்பித் தரவில்லை. மெஷின் போனதுகூடப் பரவாயில்லை. "எங்கிட்டதான் இருக்கு மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் குப்பாண்டிக்கு ஆறவில்லை.

ஒச்சப்பனின் கடைக்குட்டிக்குக் காது குத்துகிற அன்று விடியற்காலை ஒரு காற்று அடித்தது. குப்பாண்டி வீட்டு வாகை மரம் சாய்ந்து, வாசற்கதவை அடைத்துக்கொண்டு விழுந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. தாய்மாமனோ உள்ளே மாட்டிக்கொண்டான். உச்சிப்பொழுதுக்குள் முகூர்த்தம்.

ஒச்சப்பனும் அவன் தம்பி தவசியும் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மெஷின் உறுமியது, புகைந்தது. மரத்தில் கீறல்கூட விழவில்லை. குப்பாண்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். செயின் தொட்டில் கயிறு மாதிரித் தொங்கியது.

"செயினை இறுக்குங்க மாப்ள. தொங்கவும் கூடாது, கையால இழுத்தா ஓடவும் செய்யணும்."

இறுக்கினார்கள். ஒச்சப்பன் மெஷினை நிறுத்திவிட்டுச் செயினைக் கையால் இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். வேர்த்துக் கொட்டியது.

"எவ்வளவு தூரம் ஓடணும் மச்சான்? எவ்வளவு இழுத்தாலும் சுத்திச் சுத்தி இங்கேயே வந்து நிக்குது."

குப்பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு, போதும், செயினுக்கு ஆயில் ஊற்றுங்கள், கேன் அடுப்படியில் இருக்கிறது என்றான். தவசி வீட்டைச் சுற்றிப் பின்வாசல் வழியாக உள்ளே வந்து கேனை எடுத்தான். எப்பாடு பட்டாவது உங்களை வெளியே எடுத்துவிடுவோம் என்று மச்சானுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, வந்த வழியே போனான். குப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறமும் அறுக்கவில்லை. செயின் ஓடுகிற இரும்புப் பட்டை ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள் என்றான் குப்பாண்டி. பட்டையைத் திருப்பினவர்கள், அது தனியாக இருக்க வேண்டாமென்று செயினையும் திருப்பி மாட்டினார்கள். பல்லெல்லாம் பின்பக்கம் பார்த்தது.

தவசி யோசித்தான். "பல்லு பின்னாடி பார்த்தா என்ன? நாம மரத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டா நேராயிரும்ல?"

"அந்தப் பக்கம் வீடுல்ல இருக்கு."

"அப்ப வீட்டுக்குள்ளதான் போகணும்."

மெஷினோடு இருவரும் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். குப்பாண்டி பாயைச் சுருட்டி இடம் விட்டான். உள்ளிருந்து அறுத்ததில் கதவு கருகியதுதான் மிச்சம். மறுபடி வெளியே போய்ச் செயினை நேராக மாட்டினார்கள். இப்போது மெஷின் மரத்தைக் கடித்தது. துணிக்கொடி கட்டக் குப்பாண்டி என்றோ அடித்திருந்த ஆணியையும் கடித்தது. ஒரு பல் உடைந்தது.

"பயப்படாதீங்க. அரம் வச்சு ராவுங்க. எல்லாப் பல்லும் ஒரே உசரமா இருக்கணும், அதுதான் முக்கியம்" என்றான் குப்பாண்டி.

அண்ணனும் தம்பியும் உடைந்த பல்லை வெகுநேரம் பார்த்தார்கள். உடைந்ததை மற்றவை மாதிரி வளர்ப்பது கஷ்டம். மற்றவற்றை உடைந்தது மாதிரி ஆக்குவது சுலபம். தவசி சுத்தியலை எடுத்தான்.

"இப்ப பாருங்க மச்சான், ஒரு பல்லுக்கும் இன்னொரு பல்லுக்கும் வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாது."

அந்த நேரத்தில் தங்கை சிலம்பாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆசாரியும் சொந்தபந்தமும் பின்தொடர அழுதுகொண்டே வந்தாள். மொட்டைச் செயினைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனால் வெளியே வர வழியில்லை, நாம்தான் உள்ளே போக வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

எல்லாரும் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். மாமன் மடியில் பிள்ளை வீறிட்டது, காது குத்தியாயிற்று. கறிச்சோறு அண்டா அண்டாவாக அதே வழியில் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மாட்டிக்கொண்ட மனிதனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கிளம்பினார்கள்.

வழியனுப்புவதற்காகக் குப்பாண்டியும் அவர்களோடு தெருமுனைவரை நடந்தான். நாளைக்குப் புதுச் செயினோடு வருகிறேன் என்று ஒச்சப்பன் கையைப் பிடித்துக்கொண்டான். குப்பாண்டி கையை உதறினான்.

"மெஷினை வச்சுக்கிட்டதையே நான் இன்னும் மறக்கல மாப்ள. இப்ப என்னை வெளியே எடுக்கிற கடனும் உங்க தலையில ஏறியிருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீடு திரும்பி, பின்வாசல் வழியாக உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி காத்திருக்க ஆரம்பித்தான்.