எட்டு டம்ளர் தண்ணீர்

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. பெயர் செபஸ்தியம்மாள், வயது முப்பத்தொன்பது. டவுனில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. சுடிதார், கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். அவ்வளவுதான் அவர் கோலம்.

சிஷ்யர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். மாசானமுத்து சார். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் இருபது வருஷமாகச் சமூக அறிவியல் நடத்திவந்த மனுஷர். அங்கே இருந்த பி.டி. வாத்தியார் மாற்றலாகிப் போனதும், "உங்களுக்குத்தான் தொப்பை இல்லை" என்று சொல்லி ஹெட்மாஸ்டர் விசிலை இவர் கையில் திணித்துவிட்டார்.

வேறு ஆளாக இருந்தால் விசிலை மேஜைக்குள் போட்டுவிட்டு, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்திருப்பார். மாசானமுத்து சார் அப்படி இல்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படாதவர். சனிக்கிழமை தோறும் வண்டியை மிதித்துக் கிளப்பி செபஸ்தியம்மாளிடம் போய்விடுவார். மற்ற வாத்தியார்கள் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை அவர் வந்தபோது மூக்குக்கு மேல் கோபம்.

"எல்லாம் திமிர், டீச்சர். சுத்தத் திமிர்!"

"யாருக்கு சார்?"

"எங்க பள்ளிக்கூடத்துப் பொம்பளைப் பிள்ளைகளுக்கு."

செபஸ்தியம்மாள் கைப்பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"சுகாதாரத்துல பரீட்சை வச்சேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கணும்னு கேட்டேன். அத்தனை பேரும் எட்டு டம்ளர்னு எழுதிருக்குதுவ. எட்டாம் வகுப்பு இசக்கியம்மாள் இருக்காள்லா, தண்ணி ஏன் குடிக்கணும்னு ஒரு பக்கம் எழுதிருக்கா. முத்து முத்தா எழுத்து. இருபதுக்கு இருபது போட்டேன்."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? அன்னைக்குச் சாயந்திரமே கிரவுண்டுல சுருண்டு விழுந்துட்டா! உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. பையைத் திறந்து பாத்தா, காலையில வீட்ல இருந்து கொண்டாந்த பாட்டில்ல கழுத்து வரைக்கும் தண்ணி அப்படியே இருக்கு. ஒரு மடக்கு குடிக்கலை!"

இசக்கியம்மாள் நானூறு மீட்டர் ஓடுகிறவள். அடுத்த வெள்ளிக்கிழமை வட்டாரப் போட்டி. அவளை ஜெயிக்க வைக்க வேண்டும் என்று இரண்டு மாதமாகச் சார் வெயிலில் கருகியிருக்கிறார்.

"இப்ப அவ அப்பா வந்து நிக்காரு. 'பிள்ளைய ஓட விட்டுக் கொல்லப் பாக்கியளா'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டார். புதன்கிழமைக்குள்ள பேரை அடிக்கணுமாம். இல்லைன்னா படிப்பும் வேண்டாம் ஓட்டமும் வேண்டாம்னு நிறுத்திருவாராம்."

டீச்சர் பந்தைக் கீழே வைத்தார்.

"நான் சொல்லிக் கொடுத்தாச்சு. அதுகளும் படிச்சாச்சு. தெரிஞ்சும் ஏன் டீச்சர் குடிக்க மாட்டேங்குதுவ?"

"திங்கக்கிழமை நீங்க எட்டு டம்ளர் தண்ணி குடிங்க சார்."

"நானா?"

"மத்தியானத்துக்குள்ள குடிச்சிரணும். ஆனா ஒண்ணு. ஆறாம் வகுப்புக்கு மேல படிக்கிற ஒரு பொம்பளைப் பிள்ளையாவது பாத்ரூம் போயிட்டு வரணும். அதுக்குப் பிறகுதான் நீங்க போகணும்."

"பூ, இவ்வளவுதானா?" என்று சிரித்துக்கொண்டே சார் வண்டியை எடுத்தார்.

திங்கட்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். பதினோரு மணிக்கு ஐந்து டம்ளர் உள்ளே போயிருந்தது. இடைவேளை மணி அடித்தது. பையன்கள் கம்மாய்க்கரைப் பக்கம் ஓடினார்கள். சார் வராந்தாவில் நின்று பெண்பிள்ளைகளையே பார்த்தார். கூட்டம் கூட்டமாக நின்று பேசினார்கள், ஒருத்தி தலையில் ஒருத்தி ரிப்பனைச் சரி செய்தாள். மணி அடித்ததும் வகுப்புக்குள் போய்விட்டார்கள். ஒருத்தியும் எங்கேயும் போகவில்லை.

சரி, மதியம் போவார்கள் என்று மிச்சம் மூன்று டம்ளரையும் குடித்துத் தொலைத்தார்.

மதியம் சத்துணவு சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினார்கள். குழாயில் வாயை வைத்தார்கள். கொப்பளித்தார்கள். துப்பினார்கள். இருபது வருஷமாக அந்தக் குழாயடியைத் தாண்டிப் போகிறவர் சார். பெரிய பிள்ளைகள் யாருமே விழுங்குவதில்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! ஏழாம் வகுப்பில் சோழர்களை நடத்தப் போனார். கங்கை வரைக்கும் படையெடுத்துப் போன சோழன் திரும்பி வருவதற்குள் இவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்தார். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

இரண்டரை மணிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். மூன்றாம் வகுப்பு முப்பிடாதி சாக்பீஸ் வாங்கிக்கொண்டு போனாள்.

"ஏம்மா, உங்க அக்காமாரெல்லாம் பாத்ரூமுக்கே போக மாட்டாங்களா?"

"அது பூட்டிருக்கும்லா சார்! நாங்க சின்னப் பிள்ளைக சுவத்துக்குப் பின்னால போயிருவோம். அக்காமாருக்கு வெக்கமா இருக்கும்."

"எப்பத் தொறப்பாங்க?"

"ஆபீசர் வந்தாத் தொறப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவள் குதித்துக்கொண்டு போய்விட்டாள்.

சார் போய்ப் பார்த்தார். இரண்டு கதவு. இரண்டிலும் பித்தளைப் பூட்டு. சுவரில் தாமரை வரைந்து, 'சுத்தம் பேணுவோம், சுகமாய் வாழ்வோம்' என்று நீலப் பெயின்டில் எழுதியிருந்தது. எழுதியது அவர்தான். பூட்டு வாங்கி மாட்டியதும் அவரேதான்.

போன வருஷம் ஆய்வுக்கு அதிகாரி வருவதாக இருந்தது. "பிள்ளைகள் நாசம் பண்ணிரும், ஒரு வாரம் பூட்டி வைப்போம்" என்று சார்தான் யோசனை சொன்னார். அதிகாரி வந்தார், திறந்து பார்த்தார், பாராட்டினார், தூய்மைப் பள்ளி என்று சான்றிதழும் கொடுத்தார். அது ஆபீஸில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. மறுபடியும் பூட்டிய கதவைத் திறக்க வேண்டும் என்று ஒரு மனுஷருக்கும் தோன்றவில்லை. ஆசிரியர்களுக்குத்தான் ஆபீஸுக்குப் பின்னால் தனியாக ஒன்று இருக்கிறதே!

ஒரு வருஷம் ஐயா, முழுசாக ஒரு வருஷம்! காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிற பிள்ளை சாயந்திரம் ஐந்து மணிக்குத்தான் வீடு திரும்புகிறது. அதுவரைக்கும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உட்கார்ந்திருக்கிறது. மாதத்தில் மூன்று நாள் லீவு போடுகிறாய் என்று அதையே நிற்க வைத்துத் திட்டுவதும் இதே பள்ளிக்கூடம்தான். எத்தனை டம்ளர் குடிக்க வேண்டும் என்று பரீட்சை வேறு. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

சாரால் அதற்கு மேல் முடியவில்லை. ஆபீஸுக்குப் பின்னால் ஓடினார். திரும்பி வந்து நேரே ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நின்றார்.

"சாவியைக் குடுங்க சார்."

"வியாழக்கிழமை திரும்பவும் ஆய்வு வருது, மாசானமுத்து. இப்பப் போய்த் தொறந்து கெடுத்துறாதீங்க."

"பிள்ளைக எங்க சார் போகும்?"

"நாலு மணிக்கு வீட்டுக்குத்தானே போகுதுவ? பொம்பளைப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் அடக்கிப் பழக்கம் உண்டு."

"எனக்கு அரை நாள் அடக்க முடியலை சார்! அரை நாள்!"

இருபது வருஷத்தில் அவர் சத்தம் போட்டு அந்த ஆபீஸ் கேட்டதில்லை. ஹெட்மாஸ்டர் மலைத்துப் போய் உட்கார்ந்திருக்கையிலேயே மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயந்திரம் செபஸ்தியம்மாள் மைதானத்தில் கபடிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். மாசானமுத்து சார் வந்து இறங்கினார். பேன்ட் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. பினாயில் வாடை வீசியது. முகத்தில் சனிக்கிழமையைவிட இரண்டு மடங்கு கோபம்.

"பூட்டிருந்தது டீச்சர். பூட்டுனதும் நான்தான். ஒத்துக்கிடுதேன். எனக்கு மன்னிப்பே கிடையாது."

"ம்."

"சண்டை போட்டுச் சாவியை வாங்கித் தொறந்துட்டேன். நானே வாளியும் விளக்குமாறும் எடுத்துட்டுப் போய்த் தேய்ச்சுக் கழுவினேன். தொட்டி நிறையத் தண்ணியும் ஊத்தி வச்சேன். வச்சு என்ன பிரயோசனம்? ஒருத்தி, ஒரே ஒருத்தி உள்ள போகலை!"

டீச்சர் பயிற்சியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"என்ன செஞ்சீங்க?"

"ஆறு, ஏழு, எட்டு மூணு வகுப்பையும் விசில் ஊதி வரச் சொன்னேன். உயரப்படி வரிசையா நிறுத்தினேன். இனிமே தினமும் போகலாம், ஒவ்வொருத்தரா போங்கன்னு சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்குதுவ. கல்லுப் பிள்ளையார் மாதிரி."

"நீங்க எங்க நின்னீங்க?"

"கதவுப் பக்கத்துலதான்."

"பையங்க?"

"ஜன்னல்ல தொங்கிக்கிட்டு வேடிக்கை பாத்தானுவ. அதை விடுங்க. இசக்கியம்மாளாவது போயிருக்கலாம்லா? அவளுக்காகத்தானே இவ்வளவும்! வெள்ளிக்கிழமை ஓட வேண்டியவ. அவளே அசையலைன்னா நாளைக் கழிச்சு அவ அப்பா முகத்துல நான் எப்படி முழிக்க? இன்னும் என்னதான் டீச்சர் வேணும் இந்தப் பிள்ளைகளுக்கு?"

செபஸ்தியம்மாள் அவரையே பார்த்தார். அந்த முகத்தில் சார் இதுவரை கோபத்தைக் கண்டதில்லை. இன்றைக்குக் கண்டார்.

"கழுவி முடிச்சதும் உள்ள நின்னு கதவைச் சாத்திப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குச் சாத்தணும்?"

"வெளியில ரெண்டு பூட்டு வாங்கி மாட்டத் தெரிஞ்ச ஆளு நீங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா சார்?"