முப்பத்தொண்ணுல ஆரம்பிச்ச பாட்டு

ஆத்துத் தண்ணி ஏறாத ஒரு மேட்டு ஊர்ல வேலாயி, வேலாயின்னு ஒரு பொண்ணு இருந்தா. ஒரு இடத்துல நிக்கவே மாட்டா, உன்ன மாதிரிதான். காலை ஆட்டாம கேளு கண்ணு.

அவங்க வீட்டுக் கிணத்துல ஏத்தம் போட்டுத் தண்ணி இறைப்பாங்க. அப்பன் மேல ஏத்தமரத்துல முன்னும் பின்னும் நடப்பான். சித்தப்பன் கீழ நின்னு, தண்ணி மொண்டு வர்ற சாலைப் பிடிச்சுக் கொட்டுவான், கொட்டிக்கிட்டே பாடுவான்.

"ஆழத்துத் தண்ணியம்மா அசைஞ்சு மேல வா, அவரைப் பூவு வாடுதம்மா, ஒண்ணு!"

அடுத்த சாலுக்கு "ரெண்டு!" அப்படியே நூறு வரைக்கும் எண்ணிக்கை பாட்டுலயே ஏறும். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மேல இருக்கிறவன் திரும்பி நடப்பான். பாட்டு நின்னா கால் தப்பும், தப்புனா கிணறுதான்.

அஞ்சு வயசுல வேலாயி காதுல விழுந்த பாட்டு அது. அன்னையிலருந்து தின்னா பாட்டு, நடந்தா பாட்டு, படுத்தா பாட்டு.

அவளுக்குப் பத்து வயசு இருக்கும்போது, அரண்மனை வித்துவான் பல்லக்குல அந்தப் பக்கம் வந்தாரு. முப்பத்தொண்ணாவது சால் ஏறும்போது பல்லக்கை நிறுத்தச் சொன்னாரு, நாப்பது வரைக்கும் கேட்டாரு, கிளம்பிட்டாரு. போயி, ராஜா முன்னால "நானே கட்டின பாட்டு மகாராஜா"ன்னு எடுத்தவுடனே "முப்பத்தொண்ணு!"ன்னு பாடினாரு பாரு!

"அது என்னய்யா முப்பத்தொண்ணு?"

"அதுல பெரிய தத்துவம் இருக்குது மகாராஜா."

விளங்கலைன்னு சொல்ல ராஜாவுக்கு வெக்கம். தலையைத் தலையை ஆட்டினாரு. வித்துவானுக்குக் கொழுப்பு ஏறிப் போச்சு. "இதைக் கண்டவங்களும் பாடிக் கெடுத்துடக் கூடாது"ன்னு சொல்லி, வேற யாரும் பாடக் கூடாதுன்னு தண்டோரா போட வச்சாரு.

அப்புறம் என்ன? பாட்டு இல்லாம அப்பன் மரத்துல ஏற பயந்தான். ஏத்தம் நின்னுச்சு, அவரைக்கொடி தொங்கிப் போச்சு. வேலாயிக்கோ தொண்டைக்குள்ள எறும்பு ஊருற மாதிரி இருக்கு. மாட்டுல பால் கறந்தா, வாய் திறந்துக்குது, அம்மா பொத்தினா. மாவு அரைச்சா, திறந்துக்குது, அம்மா பொத்தினா. தண்ணிக்குப் போனா, திறந்தே போச்சு! பொத்த அம்மா பக்கத்துல இல்ல. சேவகன் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டான்.

"ஏ பொண்ணே, வித்துவான் பாட்டை ஏன் பாடினே?"ன்னாரு ராஜா.

"எங்க சித்தப்பன் பாட்டுங்க சாமி."

"பட்டிக்காட்டுக் கழுதைக்கெல்லாம் பாட்டாம்!"ன்னு வித்துவான் குதிச்சாரு.

வேலாயிக்குப் பயம்தான். ஆனா வாய் நிக்கணுமே. "அய்யா, உங்க பாட்டு முப்பத்தொண்ணுல தொடங்குதே, முன்னால முப்பது எங்கங்க அய்யா?"

ராஜா நிமிர்ந்து உக்காந்தாரு. "அதானே! எங்கய்யா முப்பது?"

வித்துவான் மேல பாத்தாரு, கீழ பாத்தாரு, மீசையைத் தடவினாரு. 

"எங்க கிணத்துல இருக்குதுங்க சாமி, வந்து பாருங்க"ன்னா வேலாயி.

ராஜா வந்தாரு, வித்துவானும் பல்லக்குல வந்தாரு, ஊரே வந்துச்சு. சித்தப்பன் ஒண்ணுல பிடிச்சுப் பாட, அப்பன் மரத்துல நடக்க, சாலுக்கு ஒரு எண்ணா ஏறுது. முப்பத்தொண்ணு வந்ததும் ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் சரிஞ்சுது.

"இதாய்யா உன் தத்துவம்? இறங்கு கிணத்துமேட்டுல! நீ விட்டுட்ட முப்பது சாலையும் நீயே இறைச்சுப் பாடு."

இறங்கினாரு. முதல் சாலுக்கே பட்டு வேட்டி நனைஞ்சுது, பத்துக்கு இடுப்பு பிடிச்சுது, முப்பதுக்குத் தொண்டையில காத்துதான் வந்துச்சு. பல்லக்கையும் பிடுங்கிட்டாங்க. வீடு வரைக்கும் நடந்தே போனாரு.

யாரு வேணா பாடலாம்னு தண்டோரா மாறிச்சு, அவரைக்குத் தண்ணி பாஞ்சுது. "உனக்கு என்னம்மா வேணும்?"னு ராஜா கேட்டாரு.

"இது ஒரு பாட்டு சாமி. உலகத்துல இன்னும் எத்தனை இருக்குதோ! எல்லாத்தையும் கேக்கணும்."

அன்னைக்குக் கிளம்பினவதான். உப்பளத்துல ஒரு பாட்டு, வண்டிப் பாதையில ஒரு பாட்டு, மீன்காரங்க வலை இழுக்கிற இடத்துல ஒரு பாட்டு. தலை நரைச்சும் கால் நிக்கல. புதுப் பாட்டு கேட்டா, பாடினவங்க பேரை முதல்ல சொல்லிட்டுத்தான் அவ பாடுவாளாம். நீயும் அப்படித்தான் சொல்லணும் தங்கம், யாரு கொடுத்ததுன்னு.

அவ அடுத்த ஊருக்குப் போயிட்டா, கதை இங்கேயே படுத்துக்கிச்சு, நீயும் படு.