யாரும் ஏறாத லிஃப்ட்

குருவுக்கு முப்பத்திரண்டு வயசு. சீடருக்கு ஐம்பத்தொன்று. சிரிக்காமல் படிக்கவும்.

குருவின் பெயர் ஜெசிந்தா. பெரிய கட்டடங்களில் ஏசியையும் விளக்கையும் மாற்றினால் எவ்வளவு கரண்ட் மிச்சமாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. மாற்றிய பிறகு சொன்னபடி மிச்சமானதா என்று அளப்பதும் அவர்தான். சீடர் கோதண்டம் இருபது வருஷம் ஏசி விற்றவர். விற்றது போதும், அளக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து சேர்ந்தார்.

திருச்சியில் ஐந்து மாடித் துணிக்கடை ஒன்று. இருபத்திரண்டு சதவீதம் மிச்சமாகும் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தார். எல்லாம் மாற்றி மூன்று மாதம் ஆனது. போன வருஷத்தின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிட்டால் முப்பத்தொன்று வந்தது.

கோதண்டம் லட்டு டப்பாவோடு வந்தார்.

"ஒன்பது கூடுதலா வந்திருக்கு மேடம். கடை மேனேஜருக்குத் தலைகால் புரியல. முப்பதைத் தாண்டினா ஏதோ விருது உண்டாம்."

ஜெசிந்தா லட்டைத் தொடவில்லை.

"எப்படி வந்தது?"

"நல்ல மெஷின் மேடம்."

"நல்ல மெஷின்னு தெரிஞ்சுதானே இருபத்திரண்டு போட்டேன்?"

கோதண்டம் வேறொரு கேள்விக்குத் தாவினார்.

"எல்லாம் குறைஞ்சிருக்கு. லிஃப்ட் மட்டும் ரெண்டு மடங்கு இழுக்குது. ஏன் மேடம்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அஞ்சாம் மாடிப் பொண்ணுங்க லிஃப்டை வச்சு விளையாடுறாங்கன்னு மேனேஜர் சொல்றார். நாளையிலேர்ந்து லிஃப்ட் நாலாவதோட நிக்கட்டும்னு நானே சொல்லிட்டேன். முப்பத்திரண்டு ஆயிடும்."

"அந்த மாடியைப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? மீட்டர்தான் இங்கேயே தெரியுதே." லேப்டாப்பைத் தட்டிக் காட்டினார்.

ஜெசிந்தா வண்டிச் சாவியை எடுத்தார்.

"ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு வாங்கண்ணே."

மே மாசம். மத்தியானம் இரண்டு மணி. ஐந்தாம் மாடியில்தான் கடைக்கு பிளவுஸ் தைக்கிறார்கள். மேலே தகரக் கூரை. பதினான்கு மிஷின், பதினான்கு பெண்கள். பழைய ஏசி வந்தபோதே ஃபேனைக் கழற்றிவிட்டார்கள். புது ஏசி இருந்தது. ஓடவில்லை.

லிஃப்ட் இவர்களை இறக்கிவிட்டது. ஒருத்தி உள்ளே கையை விட்டு ஒரு பட்டனை அமுக்கினாள். காலி லிஃப்ட் கீழே போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து கதவைத் திறந்தது. யாரும் இறங்கவில்லை. யாரும் ஏறவில்லை. அவள் கதவுக்கு நேரே நின்று கண்ணை மூடினாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் போய் உட்கார, அடுத்தவள் எழுந்து வந்தாள்.

"என்னம்மா இது? ஏறாமலே லிஃப்டைக் கூப்பிடுறீங்க?" என்றார் கோதண்டம்.

பவுனம்மா என்கிறவள் மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"ஏறவா கூப்பிட்டோம்? கீழ கடைக்குள்ள போய்க் குளிரை வாங்கிட்டு வருது. ஆளுக்கு ஒரு நடை. ஏழு மாசக்காரிக்கு மட்டும் ரெண்டு."

மூலையில் அந்த ஏழு மாசக்காரி தலையில் ஈரத்துண்டோடு காஜா போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏசி என்னாச்சு?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"மாத்துன மறுநாளே மேனேஜர் அணைச்சுப் பெட்டியைப் பூட்டிட்டாரு. கரண்ட்டை மிச்சம் பிடிக்க யாரோ வந்திருக்காங்களாம். நீங்கதானா அது? மூஞ்சியைப் பார்க்கணும்னு இருந்தோம்."

யாரோ சிரித்தார்கள். அது சிரிப்பே இல்லை. பவுனம்மா மூலையைக் காட்டினாள்.

"முந்தாநாள் அவ மயங்கி மிஷின் மேலேயே விழுந்தா. நாளையிலேர்ந்து லிஃப்ட்டும் வராதாமே? அந்த வயித்தோட அவ படியேறணும். எந்தப் புண்ணியவான் சொன்னானோ."

கோதண்டம் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார்.

"உட்காருங்க சார்." கோபம் வந்தால்தான் அண்ணன் சார் ஆவார். "ரிப்போர்ட்டை இங்கேயே எழுதி முடிங்க."

"இங்கேயா மேடம்?"

"இங்கேதான். மெஷின் நல்ல மெஷின்னு எழுதுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். ஐந்து நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. பத்தாவது நிமிஷம் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து, முப்பத்தொன்று என்று எழுதியிருந்த இடம் ஊறிப் பரவியது. துடைத்தார். இன்னொன்று விழுந்தது.

லிஃப்ட் கதவு திறந்தது.

"உங்க முறை சார்," என்றாள் பவுனம்மா. "வந்து நில்லுங்க. சும்மா வெக்கப்படாதீங்க."

அவர் எழவில்லை. போனை எடுத்தார்.

"மேனேஜர் சார், ஏசி ஸ்விட்ச் பெட்டிச் சாவியோட மேல வாங்க. லிஃப்ட்டுல இல்ல. படியில."

மேனேஜர் மூச்சு வாங்க வந்து நின்றார். சாவி கையில் இருந்தது. கொடுக்க மனசு வரவில்லை.

"ஏசியைப் போட்டா இருபத்திரண்டுக்கு இறங்கிடும் சார். அந்த ஒன்பது போயிடுமே?"

லட்டு வாங்கிக் கொண்டாடிய எண் அது. கோதண்டமும் பழக்கத்தில் ஜெசிந்தா பக்கம் திரும்பினார்.

"அந்த ஒன்பதை என்ன பண்றது மேடம்?"

"அது எங்கேயும் போகல. மூணு மாசமா இவங்க தலையில ஏத்தி வச்சிருக்கீங்க. இறக்குங்க."