நானே அடித்த விசில்

போன ஞாயிற்றுக்கிழமை கரட்டருவிக்குக் கிளம்பின நாலு பேரில், அருவியைப் பார்க்காதவன் நான் ஒருத்தன்தான். ஆனால் நாலு பேர் சாப்பாட்டுப் பையும் என்னிடம்தான் இருந்தது. மற்ற மூணு பேரும் வெறும் தண்ணியைக் குடித்துக் குளித்துத் திரும்பினார்கள். இந்த ஞாயிறு அணைக்குப் போக என்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பஸ் ஸ்டாண்டில் விசாரணை.

"நடந்ததைச் சொல்லு," என்றாள் பேச்சி. காணாமல் போன கோழி வறுவல் அவள் வீட்டுது.

பாதி வழியில், டீக்கடையில் மினி பஸ் நின்றது. மொக்கராசு கையை வைத்துவிடுவானே என்று பையோடு இறங்கினேன். என் வாய் சும்மா இருக்குமா? கண்டக்டர் மாதிரியே விசில் அடித்து, அவரைப் போலவே மூக்கால் "போலாம் ரேய்ட்!" என்றேன். பஸ் போயேவிட்டது. நான் இன்னும் ஏறவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"உடனே துரத்துனேன் பாருங்க! அந்த வேகத்துல செருப்பு பின்தங்கிடுச்சு. நிழலு, 'அண்ணே, மூச்சு வாங்குது, நீங்க போங்க'ன்னு மைல்கல்லு மேல உக்காந்துடுச்சு."

"ஓட்டப்பந்தயத்துல கடைசியா வந்தவன்டா நீ," என்றான் மொக்கராசு.

"அன்னிக்குக் கையில கோழி இல்லையே! குறுக்கு வழியில மலை ஏறுனா, கரடி மறிக்குது. அதோட சம்சாரம் குரல்ல, 'யோவ், வீட்டுக்கு வாய்யா, குட்டி அழுவுது'ன்னேன். தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போயிடுச்சு. அடுத்து பன்னெண்டு யானை! நம்ம பி.டி. சார் குரல்ல 'அட்டேன்ஷன்!'னேன். வரிசையா நின்னுச்சுங்க. கடைசி யானை மட்டும் 'சார், பசிக்குது'ன்னுச்சு. எனக்கு இளகுன மனசா, பையை நீட்டிட்டேன்."

"யானை கோழி திங்குமாடா?"

"மொதல்ல வேணாம்னுதான் சொல்லுச்சு. பேச்சி அம்மா சமையல்னேன், வாங்கிக்கிச்சு."

எங்களில் நாலாவது ஆளான சுருளி நிதானமாகச் சொன்னான்: "அந்த டீக்கடை எங்க மாமாவோடது. பெஞ்சுல சம்மணம் போட்டு நாலு பேர் சோத்தையும் தின்னுட்டு, தொட்டுக்க வடை கேட்ட யானையை அவரும் பார்த்தாராம்."

ஊரில் உள்ள எல்லார் குரலும் வரும் எனக்கு. அப்போது வந்தது ஆட்டுக்குட்டி குரல்தான்: "தப்புதான்."

பேச்சி தீர்ப்பு சொன்னாள்: "நீயும் அணைக்கு வர்றே. வழியில டீக்கடையில சாப்பாட்டோட நாங்க இறங்கிடுவோம். நீ மட்டும் பஸ்லயே இரு. விசில் நான் அடிக்கிறேன்."

"உனக்கு அடிக்க வருமாக்கும்!" என்று சிரித்தேன்.

ரெண்டு விரலை வாயில் வைத்து அடித்துக் காட்டினாள். எதிரே நின்ற மினி பஸ் கிளம்பிப் போனது. டீ டம்ளரோடு கண்டக்டர் அதன் பின்னால் ஓடினார்.

கவனித்துப் பார்த்தேன். அவர் நிழல் கூடவேதான் ஓடியது.