அண்ணாச்சிக்குத் துரு எடுத்த கதை

பாளையங்கோட்டைப் பக்கம் இரும்பு கிரில் பட்டறை வைத்திருந்த ஆவுடையப்பனுக்கும், அவரிடம் வேலை பார்த்த இசக்கி, மாசானம் இருவருக்கும் சேர்த்துக் கடவுள் ஒரே மூளையைத்தான் கொடுத்திருந்தார். அதையும் யாரோ இரவல் வாங்கிப் போய்விட்டார்கள்.

ஆவுடையப்பனுக்கு அறுபது நிறைந்து மணிவிழா வந்தது. "போட்டோவுல பக்கத்துல நின்னா எங்கப்பா மாதிரி தெரிவீக," என்று மனைவி சண்முகவடிவு சும்மா சொல்லிவைக்க, மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரிடம் ஓடினார்.

"நாம இழுக்கிற மூச்சாலேயே உடம்புக்குள்ள ஒருவிதமா துருப்பிடிக்கும், அண்ணாச்சி. சின்ன வயசுல அதைத் தடுக்கிற சக்தியை உடம்பே உண்டாக்கிக்கிடும். வயசானா அது குறைஞ்சிரும். நெல்லிக்காய் சேத்துக்கோங்க," என்றார் டாக்டர்.

பட்டறையில் ஆலோசனை நடந்தது.

"மூச்சை நிப்பாட்டிட்டா?" என்றான் இசக்கி.

மாசானம் மூலையில் கிடந்த பழைய இரும்புக் கேட்டைக் காட்டினான். "இது என்னைக்குல மூச்சு விட்டுச்சு? இதுவும் துருப்பிடிச்சுத்தான கெடக்கு."

நியாயம்தான் என்று மூவரும் தலையாட்டினார்கள். துரு என்றால் தெரிந்த வேலைதானே! முதலாளியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரைத்த நெல்லிக்காயை இரண்டு கோட்டிங் அடித்து வெயிலில் காயவைத்தார்கள். ஆவுடையப்பன் எரிச்சலில் அலறினார்.

"துரு கத்துது," என்றான் மாசானம்.

மணிவிழா மேடையில் நெல்லிக்காய்ப் பூச்சோடு நின்ற அவரைப் பார்த்த டாக்டர் பதறிவிட்டார். "துரு உள்ளேன்னுல்ல சொன்னேன்! நெல்லிக்காயைத் திங்கணும்யா!"

"உள்ளயா?" ஆவுடையப்பன் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "ஏல, பைப்புக்கு உள்ள பெயிண்ட் அடிக்க என்ன செய்வோம்?"

"ஊத்திக் கவுத்துவோம், அண்ணாச்சி," என்றான் இசக்கி.

ஒரு செம்பு நெல்லிச் சாற்றைக் குடித்தார். இருவரும் அவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்கள். அதற்கு முன் வேட்டியைக் கணுக்காலோடு கயிறு போட்டுக் கட்டினார்கள். அவர்கள் வாழ்நாளில் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. ஆசி வாங்க வந்தவர்கள் காலில் விழ வழியில்லாமல், நின்றபடியே தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

சண்முகவடிவு குனிந்து பார்த்தாள். தொங்கிய கன்னமெல்லாம் கண் பக்கமாகச் சரிந்து, முகம் வழவழவென்று இருந்தது.

"ஆத்தாடி! அன்னைக்குத் தாலி கட்டினப்ப இருந்த மாதிரியே இருக்கீக!"

ஆவுடையப்பன் சந்தோஷத்தில் அழுதார். கண்ணீர் நெற்றி வழியாக ஓடியது. "அப்படியே போட்டோ எடுங்கய்யா!"

அந்தப் போட்டோ அவர் வீட்டுக் கூடத்தில், அவர் நேராகத் தெரியும்படி மாட்டியிருக்கிறது. மனைவி, டாக்டர், சொந்தபந்தம் எல்லாரும் தலைகீழாகத் தொங்குகிறார்கள். யாராவது ஏன் என்று கேட்டால், ஆவுடையப்பன் இரக்கத்தோடு சொல்வார்:

"பாவம், அவங்களுக்கு அப்பத்தான் துரு எடுக்க ஆரம்பிச்சிருந்தோம்."