மைக் இல்லாத ஹெட்செட்

பாளையங்கோட்டையில் ரூத் நடத்தும் கேமிங் சென்டருக்கு ஒரு சாயங்காலம் இசக்கியப்பன் வந்தார். அவருக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. ரூத்துக்கு இருபத்தாறு. ஆனாலும் அவர் அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். கீபோர்டில் எந்த விரலை எங்கே வைப்பது என்பதிலிருந்து எல்லாமே அவள் சொல்லிக் கொடுத்தது. அவள் அவரை 'அண்ணே' என்பாள். அதில் இருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை.

இசக்கியப்பனுக்குத் தொழில் வாழைத்தார் ஏலம் விடுவது. ஏலக்காரன் மூச்சு வாங்கினால் விலை இறங்கிவிடும். அதனால் அவர் மூச்சு வாங்குவதே இல்லை.

"மாஸ்டர், நல்ல ஹெட்செட்டா ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"இருக்கதுக்கு என்னண்ணே?"

"என் குரல் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர மாட்டேங்கு."

பிள்ளைகள் என்றால், ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடும் அவருடைய அணி. ஈரோட்டில் ரோஷன், சிவகாசியில் வினீத், காரைக்காலில் ஷாகிதா. ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. தேடித்தேடி அவர்களைச் சேர்த்தவர் இசக்கியப்பன்தான். கேப்டனும் அவர்தான். அணி சேர்ந்த புதிதில் அவர் இங்கிருந்துதான் ஆடினார்; பக்கத்தில் உட்கார்ந்து ரூத்தும் கேட்டிருக்கிறாள்.

"இடது பக்கம் போங்கன்னு தொண்டை கிழியக் கத்துதேன். ஒருத்தராவது போகணுமே! வரிசையாத் தோத்துக்கிட்டு இருக்கோம். இதைப் பாருங்க."

போனை நீட்டினார். ரோஷன் அனுப்பியிருந்தான். 'அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. நாளைக்குத் தகுதிச் சுற்றுலயும் இப்படியே போச்சுன்னா, நாங்க வேற கேப்டனைப் பாத்துக்கறோம்ங்ணா.'

ரூத் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் சேத்த அணி மாஸ்டர்." மெல்லத்தான் சொன்னார். அந்தக் குரலைச் சந்தையில் யாரும் கேட்டிருக்க முடியாது.

"இன்னைக்குப் பயிற்சி ஆட்டம் உண்டுல்லா?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல."

"இங்க இருந்தே ஆடுங்க. போட்டுப் பாத்து எடுத்துக்கிடலாம்."

முதலில் அவர் கை, விளக்கு மின்னுகிற ஒன்றுக்குப் போனது. மாட்டிக்கொண்டு, "அலோ, அலோ, இடது பக்கம் போங்க!" என்றார். ரூத் அதைப் பதிவு செய்து கேட்டாள்.

"நல்லா வருதா?"

"வருதுண்ணே."

அடுத்தது, சுற்றியிருக்கும் இரைச்சலை வடிகட்டும் மைக் உள்ளது. விலையும் அதற்கேற்ற மாதிரி. மறுபடியும், "இடது பக்கம் போங்க!"

"இதுல?"

"இதுலயும் நல்லாத்தான் வருது."

"பிறகு ஏன் யாரும் போக மாட்டேங்காங்க?"

ரூத் பகட்டில்லாத கறுப்பு ஹெட்செட் ஒன்றை எடுத்தாள். அதன் மைக் தண்டைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஹெட்செட்டை நீட்டினாள்.

"இதைப் போட்டு ஆடுங்க."

"மைக்கு?"

"எங்கிட்ட இருக்கு."

"மைக் இல்லாம நான் எப்படிப் பேச?"

"ஆட்டம் ஆரம்பிக்கப் போகுதுண்ணே."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாஸ்டர் சொல்லியாயிற்று. உட்கார்ந்தார்.

முதல் சுற்று அவருக்கு நரகம். மைக் இல்லை என்று தெரிந்தும் திரையைப் பார்த்துக் கத்தினார். பக்கத்துச் சீட்டுக்காரன் தன் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அந்தச் சுற்று தோல்வி. அடுத்ததும் தோல்வி. கேட்க ஆளில்லாமல் எவ்வளவு நேரம்தான் கத்துவது? இசக்கியப்பன் வாயை மூடினார்.

அப்போதுதான் காதில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. வினீத் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ரோஷன் உச்சுக்கொட்டினான். அதற்கும் அடியில், சின்னதாக ஒரு குரல்.

"படிக்கட்டுக்குக் கீழ ஒருத்தர் வராரு."

ஷாகிதா. ஆட்டத்தில் இசக்கியப்பன் படிக்கட்டின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார். சட்டென்று திரும்பிச் சுட்டார். வந்தவன் விழுந்தான்.

"கிணத்துப் பக்கம் ரெண்டு பேர். காலடிச் சத்தம் கேக்குது."

கிணற்றுப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஹெட்செட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இசக்கியப்பன் கேட்டார். "மாஸ்டர், இந்தப் பிள்ளை எப்பமிருந்து இப்படிப் பேசுது?"

"முதல் நாள்ல இருந்து."

அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஹெட்செட்டை மறுபடியும் காதில் அழுத்திக்கொண்டு குனிந்தார். ஷாகிதா சொன்ன இடத்துக்கெல்லாம் போனார். இடது பக்கம் போக வினீத் இத்தனை நாள் ஏன் தயங்கினான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பக்கச் சுவரில் எதிரிக்கு வசதியாக ஓர் ஓட்டை. வினீத் அதை ரோஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஒரு சுற்று கைக்கு வந்தது. இன்னொன்றும் வந்தது. ஆட்டம் சமநிலைக்கு வந்து, கடைசிச் சுற்றில் நின்றது.

நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள். எதிரணி இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் வந்துகொண்டிருந்தது.

"கிணத்துப் பக்கமும் சத்தம், கோடவுன் பக்கமும் சத்தம்," என்றாள் ஷாகிதா.

"அப்ப நாம எங்க போக?" என்றான் வினீத்.

திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கோடவுனில் யாரை நிறுத்துவது, கிணற்றடியில் யாரை விடுவது, எல்லாம் இசக்கியப்பனுக்குக் கண்முன்னால் தெளிவாகத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அண்ணே?" ஷாகிதாதான். "இருக்கீங்களா? இன்னைக்கு உங்க சத்தமே வரலையே."

"அண்ணா, லைன்ல இருக்கீங்களா?" என்றான் ரோஷன். "ஒரு வார்த்தை சொல்லுங்ணா. எந்தப் பக்கம்?"

இசக்கியப்பன் திரும்பி ரூத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

ரூத் சட்டைப் பையிலிருந்து மைக்கை எடுத்து, ஹெட்செட்டில் செருகினாள்.

"இதையே எடுத்துக்கிடுங்கண்ணே. இப்பச் சொல்லுங்க, பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க."