கோமதி வைத்த நேம் சர்வர் டெஸ்ட்

சங்கரன்கோவிலில் ஜெபராஜ் அண்ணாச்சியின் இ-சேவை மையத்துக்குப் புது இன்டர்நெட் விற்க ஒரு மேனேஜர் வந்தார். உச்சி வெயிலிலும் கழுத்து டையைத் தளர்த்தாத மனுஷன். தன் லைனை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி ஸ்பீடு டெஸ்ட் போட்டார். திரையில் முள் வலது ஓரம்வரை பாய்ந்தது.

"இதுல ஒரு குறை சொல்லுங்க, டையைக் கழற்றிக் குடுத்துட்டுப் போறேன்!"

மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அண்ணாச்சி பேனாவைத் திறந்துவிட்டார். டைப்பிஸ்ட் கோமதி விடவில்லை. லைன் சொதப்பினால் க்யூவில் நிற்கிறவர்களிடம் ஏச்சு வாங்குவது அவள்தானே!

"சார், உங்க லைன் அகலமான ரோடுதான். ஆனா சைட் பேரைச் சொன்னதும் அதோட விலாசத்தைத் தேடித் தர்ற உங்க நேம் சர்வர் எப்படி?"

"டைப்பிஸ்ட்டுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

"சரி, ஏற்கெனவே திறந்த சைட்டுன்னா விலாசம் கம்ப்யூட்டர் ஞாபகத்துலயே இருக்கும். இந்த ரெண்டு கம்ப்யூட்டர்லயும் இதுவரை திறக்காத சைட்டா பார்ப்போம். உங்க கம்பெனி சைட்டையே திறங்க. நான் பக்கத்துல பழைய லைன்ல திறக்கிறேன்."

மேனேஜர் சிரித்துக்கொண்டே தட்டினார். வட்டம் சுற்றியது. 'விலாசம் தேடப்படுகிறது' என்ற வரி அசையவே இல்லை. க்யூ மொத்தமும் எட்டிப் பார்த்தது. அண்ணாச்சி பேனாவை மூடினார். மேனேஜரின் கை மெல்ல டைக்குப் போனது.

"டை இருக்கட்டும் சார்," என்றாள் கோமதி, தன் திரையைப் பார்த்தபடி. "உங்க கம்பெனி சைட் எங்க பழைய லைன்ல திறந்து, கம்ப்ளெய்ன்ட் நம்பரே வந்துருச்சு. சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."